ஒரு பெட்டி உடைந்தாலும் ஓலை அழியாது!

கொடைக்கானலை அடுத்து அட்டுவம்பட்டி என்று ஓர் ஊர். ஏறக்குறைய 7,000 அடி உயரத்து மலைச்சீமை. குளிரும் பனியும் அங்கே நித்தியக் காட்சி. அந்த ஊரில்தான் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களுக்கென்றே தமிழக அரசு 1984-ம் ஆண்டில் தொடங்கியது.

2018 நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. கடற்கரையோடு நின்றதா? இல்லை. மேற்கே நடந்து, கொடைக்கானல் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. மரங்கள் சாய்ந்தன. பாதை அடைபட்டது. மின்சாரம் நின்றது.

இப்படிப்பட்ட ஒரு நாளில், ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு பாடுபட்டு ஓர் ஆராய்ச்சி எழுதியிருக்கிறாள். மலைக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்ட விவரங்கள். எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. ஒரு தடவை வரும்போது கம்ப்யூட்டர் 'டக் டக்' என்கிறது. அவ்வளவுதான்! மூன்று ஆண்டு உழைப்பு அந்த 'டக் டக்'கில் போய்விட்டது.

இந்த மாணவி கற்பனைதான். ஆனால் அந்தச் சத்தம் கற்பனை அல்ல. உலகம் முழுவதும் தினமும் யாராவது ஒருவர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

அப்படி நடந்தாலும் ஓர் எழுத்துக்கூட அழியாமல் இருக்க வழி உண்டா? உண்டு. அந்த வழிகளில் ஒன்றை அமைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் தமிழர்!

சுழலும் தட்டு

கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு தட்டு இருக்கிறது. 'ஹார்டு டிஸ்க்' என்பார்கள். சாதாரணமாக நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழலும். அதன்மேல் ஒரு முள் தொட்டும் தொடாமலும் பறக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தலைமுடி ஒன்றைக்கூட நுழைக்க முடியாது. முள் தட்டில் உரசினால் எழுதியது போச்சு. சுழலாத புதுவகைத் தட்டுகளும் வந்துவிட்டன. அவற்றுக்கும் ஆயுள் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் நின்றுவிடும்.

"பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்துக் கொண்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். எடுத்தால் நல்லதுதான். ஆனால் யார் தினமும் எடுக்கிறார்கள்? மூன்று மாதத்துக்கு முன் எடுத்திருப்பார்கள். அதுவும் கம்ப்யூட்டர் இருக்கும் அதே பையில் கிடக்கும். பை தொலைந்தால் இரண்டும் தொலையும்.

ஆகவே மனிதன் மறந்தாலும் யந்திரம் மறக்கக் கூடாது. எழுதும்போதே மூன்று இடத்தில் எழுத வேண்டும். ஒன்று போனால் மற்ற இரண்டும் வேலையைத் தொடர வேண்டும். எழுதுகிறவருக்கு அது தெரியவே கூடாது. இதுதான் ஏற்பாடு.

அண்ணாமலையில் படித்தவர்

ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவர். அமெரிக்காவுக்குப் போனார். அங்கே கலிபோர்னியா டிஜிட்டல் என்ற கம்பெனியில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார்.

அந்தக் கம்பெனி லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ராட்சச யந்திரத்தைக் கட்டிக் கொடுத்தது. அதன் பெயர் 'தண்டர்'. இடி என்று அர்த்தம். 1,024 கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்த யந்திரம். ஒவ்வொன்றிலும் 4 மூளை. ஆக மொத்தம் 4,096! 2004 ஜூனில் உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்களை வரிசைப்படுத்தினார்கள். 'தண்டர்' இரண்டாவது இடத்தைப் பிடித்தது.

ஆயிரம் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே மூளையாக்க முடிந்தால், ஆயிரம் தட்டுகளைச் சேர்த்து ஒரே பெட்டகமாக்க முடியாதா? 2005-ல் 'கிளஸ்டர்' என்ற கம்பெனி பிறந்தது. ஹிதேஷ் செல்லானி என்பவரும் பெரியசாமியும் சேர்ந்து தொடங்கினார்கள். என்ஜினீயர்கள் பலர் பெங்களூரில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

இதில் இன்னொரு விசேஷம். இந்த ஏற்பாட்டை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. அதன் மூல எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம் என்று திறந்து விட்டார்கள். காசு கிடையாது. இப்படிப்பட்டதைச் 'சுதந்திர மென்பொருள்' என்கிறார்கள். பரம்பரை வைத்திய ரகசியம்போல் மகனுக்கு மட்டும் காதில் ஓதுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

2011 அக்டோபரில் 'ரெட் ஹேட்' என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனி கிளஸ்டரை விலைக்கு வாங்கியது. விலை 13 கோடியே 60 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கு மேல்!

கணக்குப்பிள்ளை இல்லாத கிடங்கு

அப்படி என்ன சாமர்த்தியம் அதில் இருக்கிறது?

பெரிய நெல் கிடங்கு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்த அறையில் இருக்கிறது என்று ஒரு கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். யார் வந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? கிடங்கு நிறைய நெல் இருந்தும் ஒரு மூட்டையைக்கூட எடுக்க முடியாது. 2003-ல் கூகுள் கம்பெனியார் தங்கள் கோப்புக் கிடங்கைப் பற்றி வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு துண்டும் மூன்று பிரதியாக இருந்தது. ஆனால் எது எங்கே என்று சொல்வதற்கு ஒரு தலைமை யந்திரம், அதாவது ஒரு கணக்குப்பிள்ளை, இருந்தது.

கிளஸ்டரில் கணக்குப்பிள்ளையே கிடையாது!

பின்னே எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பின் பெயரே வழி சொல்லும். பெயரில் உள்ள எழுத்துக்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் ஓர் எண் வரும். எந்த எண் முதல் எந்த எண் வரை எந்தப் பெட்டிக்கு என்று முன்கூட்டியே பங்கு பிரித்து வைத்திருப்பார்கள். யார் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றுதான். ஆகையால் யாரையும் கேட்காமல் நேரே அந்தப் பெட்டிக்குப் போய்விடலாம்.

அந்தப் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பிரிக்'. செங்கல்! ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள தட்டு ஒரு செங்கல். செங்கல்களைச் சேர்த்துக் கட்டினால் சுவர். 'மூன்று பிரதி வேண்டும்' என்று சொல்லிக் கட்டினால், மூன்று செங்கல்களிலும் ஒரே கோப்பு எழுதப்படும். ஒரு செங்கல் உடைந்தால் சுவர் விழாது.

உடைந்த செங்கல் திரும்பி வந்தால் இன்னும் வேடிக்கை. அது இல்லாத நேரத்தில் என்னென்ன எழுதப்பட்டது என்று மற்ற இரண்டும் குறித்து வைத்திருக்கும். சுமார் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை காவல்காரன்போல ஒரு சிறு நிரல் சுற்றிப் பார்க்கும். விட்டுப்போனதை எல்லாம் திரும்பி வந்த செங்கலில் எழுதி நிரப்பிவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் நோட்டு, தம்பி நோட்டு

"மூன்று எதற்கு? இரண்டு போதாதா? செலவு மிச்சமாகுமே!" என்று குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு மளிகைக் கடை நடத்துகிறார்கள். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி கடன் நோட்டு. அண்ணன் எழுதினால் தம்பிக்குச் சொல்வார். தம்பி எழுதினால் அண்ணனுக்குச் சொல்வார். ஒருநாள் டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. 'தம்பி கடையைப் பூட்டிவிட்டான் போலிருக்கிறது' என்று அண்ணன் நினைக்கிறார். அண்ணனைப் பற்றித் தம்பியும் அப்படியே நினைக்கிறார். இரண்டு பேரும் தனித்தனியே எழுதிக்கொண்டு போகிறார்கள். அண்ணன் நோட்டில் ஒரு வாடிக்கைக்காரர் 500 ரூபாய் கட்டிவிட்டார். தம்பி நோட்டில் அதே ஆள் 300 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டார். கம்பி சரியான பிறகு எந்த நோட்டு சரி?

மனிதர்கள் என்றால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். யந்திரத்துக்கு அது தெரியாது. இரண்டு பிரதியும் 'நானே உண்மை' என்று நிற்கும். இந்த வியாதிக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் 'பிளந்த மூளை'. கேட்கவே பயமாக இருக்கிறது அல்லவா?

மூன்றாவது ஆள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்று பேரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அவர்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் எழுதலாம். தனியாகப் போன ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து நியாயம்தான்!

மூன்று முழுப் பிரதிக்குப் பணம் இல்லாதவர்களுக்கும் ஓர் உபாயம் உண்டு. இரண்டு செங்கலில் முழுக் கோப்பு. மூன்றாவதில் கோப்பின் பெயரும் குறிப்பும் மட்டும். அது நெல்லைச் சுமக்காது. சாட்சி மட்டும் சொல்லும். அதற்குச் சின்னத் தட்டு போதும்.

கணக்கில் கெட்டிக்காரர்கள் இன்னொரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு கூடையில் 7 முட்டை, இன்னொரு கூடையில் 5 முட்டை. 'மொத்தம் 12' என்று ஒரு சீட்டு. எந்தக் கூடை தொலைந்தாலும் சீட்டை வைத்து அதில் எத்தனை இருந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? இதையே பெரிய கணக்காகச் செய்கிறார்கள். ஆறு தட்டு. நாலு தட்டு அளவுக்கு விஷயம், இரண்டு தட்டு அளவுக்குச் சீட்டு. ஆறில் எந்த இரண்டு போனாலும் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆறு தட்டில் மும்மூன்று பிரதி வைத்தால் இரண்டு தட்டு அளவுதான் மிஞ்சும். இந்தக் கணக்கில் நாலு மிஞ்சுகிறது. ஆனால் எழுதும்போதெல்லாம் கணக்குப் போட வேண்டும், கொஞ்சம் நிதானம்.

ஒரே கூரையின் கீழே

இனி மிக முக்கியமான விஷயம்.

இந்தக் காலத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி, அதற்குள்ளேயே பத்துக் கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பிரித்துவிடுகிறார்கள். ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பத்துக் குடித்தனம் வைப்பதுபோல. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. பக்கத்துக் குடித்தனம் ஒன்றுக்கொன்று தெரியாது. இதற்கு 'மெய்நிகர் சர்வர்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத சர்வர் என்று வைத்துக் கொள்ளுங்கள். இதில் செலவு குறைவு.

மூன்று மெய்நிகர் சர்வர், மூன்று செங்கல், மூன்று பிரதி. காகிதத்தில் பார்த்தால் பலே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றும் ஒரே வீட்டின் மூன்று குடித்தனமாக இருந்தால்? கூரை விழுந்தால் மூன்றும் போச்சு! ஆகவே மூன்றும் வெவ்வேறு யந்திரத்தில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு மின்சாரக் கம்பி இருந்தால் இன்னும் நல்லது. வேறு வேறு கட்டிடமாக இருந்தால் உத்தமம். வாடகைக்குச் சர்வர் எடுக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2025 செப்டம்பர் 26-ந் தேதி தென்கொரியாவில் தேஜியோன் நகரில் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் தீப்பிடித்தது. மின்சாரம் போனால் கைகொடுப்பதற்காக வைத்திருந்த பாட்டரிகளே தீக்குக் காரணம்! நூற்றுக்கணக்கான அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்த கிடங்கு ஒன்று அதே கட்டிடத்தில் இருந்தது. அதன் அளவு 858 டெராபைட். ஒரு டெராபைட் தட்டு 858 அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு! அதற்கு வெளியே எங்கும் பிரதி இல்லை. முழுவதும் சாம்பல். கம்ப்யூட்டர் தொழிலில் உலகுக்கே வழிகாட்டும் தேசம் அது!

ஏடும் தீயும்

தமிழர்களுக்கு இந்தத் துக்கம் புதிதல்ல. 1981 ஜூன் 1-ந் தேதியை ஒட்டி யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 புத்தகங்கள் எரிந்தன. அச்சுப் புத்தகத்துக்கு வேறு ஊரில் இன்னொரு பிரதி இருக்கக்கூடும். அங்கே எரிந்த ஓலைச்சுவடிகளுக்கு? 2005-ல் ஈழத்து எழுத்துக்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்க 'நூலகம்' என்ற முயற்சி தொடங்கியது.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததும் பிரதிகளைத் தேடித்தான். ஓர் ஏட்டில் செல்லரித்த வரியை இன்னொரு வீட்டு ஏட்டில் பார்த்து நிரப்பினார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. 1892-ல் சிலப்பதிகாரம் வந்தது. எல்லா ஏடும் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கொடைக்கானல் மலையிலேயே இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். பழைய படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் இருக்கின்றன. சூரியன் நாளைக்கும் உதிக்கும். ஆனால் 1910-ம் ஆண்டின் ஒரு காலை வேளையில் சூரியன் முகத்தில் இருந்த கரும்புள்ளியை இனி யாராலும் படம் பிடிக்க முடியாது. அந்தத் தகடு கை தவறினால் அந்தக் காலை வேளையே போய்விடும். அதனால்தான் அவற்றைக் கம்ப்யூட்டர் படங்களாக மாற்றி, உலகத்தில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள்.

எப்படி அமைப்பது?

ஒரு கல்லூரியோ, கூட்டுறவுச் சங்கமோ இந்த ஏற்பாட்டைச் செய்ய விரும்பினால் பெரிய சீமான்களாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மெய்நிகர் சர்வர், மூன்று வெவ்வேறு யந்திரத்தில் வேண்டும். ஒவ்வொன்றிலும் கோப்புக்கென்று தனித் தட்டு ஒதுக்க வேண்டும். யந்திரம் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் தட்டில் சேர்த்து வைக்கக் கூடாது. ஒருநாள் கோப்பு பெருகித் தட்டு நிரம்பினால் யந்திரமே மூச்சுத் திணறி நின்றுவிடும்.

மூன்றுக்கும் பெயர் வைத்து, ஒன்றின் பெயரும் விலாசமும் மற்ற இரண்டுக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். பிறகு மூன்றிலும் கிளஸ்டர் நிரலை ஏற்றி, ஒன்றில் உட்கார்ந்து மற்ற இரண்டையும் அறிமுகப்படுத்த வேண்டும். சம்பந்தி வீட்டாரை அறிமுகம் செய்வதுபோல, ஒரு தடவை செய்தால் போதும். அதற்குப் பிறகு 'இந்த மூன்று செங்கல், மூன்று பிரதி' என்று ஒரு கட்டளை. 'தொடங்கு' என்று இன்னொரு கட்டளை. வேலை முடிந்தது. உபயோகிக்கிறவர் கண்ணுக்கு அது ஒரே ஓர் அலமாரியாகத்தான் தெரியும். 100 ஜிகாபைட் தட்டு மூன்று போட்டால் 100 ஜிகாபைட்தான் கிடைக்கும். 300 கிடைக்கும் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

கட்டிய கையோடு ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஒரு கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரை அணைத்துவிட வேண்டும். எழுத்து சில வினாடி தயங்கலாம். நிற்கக் கூடாது. இந்தச் சோதனைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். புயல் அடிக்கும் ராத்திரியில் முதல் சோதனை நடப்பதைவிடப் பட்டப்பகலில் நடப்பது மேல்.

இன்னொரு ஜாக்கிரதை. மூன்று பிரதி இருக்கிறதே என்று மெத்தனமாக இருக்கக் கூடாது. யாராவது கை தவறி ஒரு கோப்பை அழித்துவிட்டால், அந்த யந்திரங்கள் மிக விசுவாசமாக மூன்று இடத்திலும் அழித்துவிடும்! ஆகவே இந்த மூன்றுக்கும் வெளியே, நேற்றைய நிலையில் ஒரு பிரதி, போன வார நிலையில் ஒரு பிரதி என்று தனியே எடுத்து வைக்க வேண்டும். மலையில் இருக்கிறவர்கள் அதைத் தரையில் வைப்பது நல்லது. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருக்கலாம். ஆனால் மூன்று செங்கலில் ஒன்றையே அவ்வளவு தூரத்தில் வைத்தால் வேலை நடக்காது. ஒவ்வோர் எழுத்தும் மலை இறங்கிப் போய்ச் சேரும்வரை எழுதுகிறவர் காத்திருக்க வேண்டும். தூரத்துப் பிரதிக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அது பின்னாலேயே மெதுவாக நடந்து வரும். சில நிமிஷம் பிந்தினாலும் குற்றமில்லை.

ரெட் ஹேட் கம்பெனி தன் பெயரில் விற்று வந்த கிளஸ்டர் சரக்கை 2024 டிசம்பர் 31-ந் தேதியோடு முடித்துக்கொண்டது. பெரியசாமி 2014-லேயே 'மினியோ' என்ற வேறு கோப்புக் கிடங்கைத் தொடங்கிவிட்டார். ஆனால் கிளஸ்டரின் மூல எழுத்து ஊருக்குப் பொதுவாயிற்றே! கம்பெனி கடையைக் கட்டினாலும் அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அட்டுவம்பட்டி மாணவியிடம் திரும்புவோம். அவள் ஆராய்ச்சி மூன்று கட்டிடத்தில் மூன்று பிரதியாக இருந்திருந்தால்? காற்றில் மரம் சாய்ந்து ஒரு கட்டிடம் இருட்டில் மூழ்கியிருக்கும். அவள் வேறு அறையில் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் கழித்து மின்சாரம் திரும்பும். இருட்டில் கிடந்த பெட்டி கண் விழிக்கும். தான் இல்லாதபோது எழுதிய பக்கங்கள் எவை என்று மற்ற இரண்டையும் கேட்டு, ஒவ்வொன்றாக வாங்கி எழுதிக்கொள்ளும்.